திருடி தின்ற சட்டை

"மானெல்லாம் எவ்வளவு சாது!" என்று யாராவது ஆர்டிஸ் டாலஃப்சனிடம் சொல்லிவிட்டால் போதும், அவர்களைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம், "இல்லினாய்ல இருந்து வர்றீங்களா?" என்று கேட்பாள். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். இந்த விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த எவனும் மானைச் சாது என்று சொல்லமாட்டான் என்பது அவள் கட்சி.

ஆற்று வளைவில் பைன் மரங்களுக்கு நடுவே இருந்த அந்த மான் பூங்காவில் அவளுக்கு வாசல் சாவடி வேலை. உள்ளே கூண்டும் கிடையாது, கயிறும் கிடையாது. மான்கள் தம் பாட்டுக்கு உலாத்தும். வந்தவர்கள் பிஸ்கட் கட்டு வாங்கிக்கொண்டு போய்க் கையை நீட்ட வேண்டும். பிஸ்கட் விற்பது பாதி வேலை. மீதிப் பாதி, எச்சரிப்பது.

"பிஸ்கட் கட்டை முழுசா வெளிய எடுக்காதீங்க. ஒண்ணொண்ணா எடுங்க. கையில இருக்கிற காகிதத்தை உள்ள வைங்க, தின்னுடும். சட்டையை இடுப்புல செருகிக்குங்க."

"சட்டையையா? எதுக்கு?"

"சொன்னா கேளுங்க."

ஒருவரும் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு அலறல் வரும். ஆர்டிஸ் தலையை நிமிர்த்தாமலே காப்பியை ஒரு வாய் குடிப்பாள்.

அலறலுக்குக் காரணம் எப்போதும் ஒரே மான்தான். பூங்காவின் முதலாளி ரோலண்டுக்கு ராஜகுடும்பப் பைத்தியம். பலகையில் அதன் படத்துக்குக் கீழே 'இளவரசி' என்று எழுதி வைத்திருந்தார். ஆர்டிஸுக்கு அது திருடி. ஒரு காது ஓரம் கிழிந்து, இன்னொரு காதில் மஞ்சள் வில்லை தொங்க, பிறந்ததிலிருந்து பட்டினி கிடந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். யாராவது குட்டிமானைக் கட்டிக்கொண்டு படம் எடுக்கக் குனிந்தால், பின்னாலிருந்து மெதுவாக வந்து, சட்டையின் பின்தொங்கலை வாயில் போட்டுக்கொள்ளும். கடிக்காது, இழுக்காது. வெற்றிலை போடுகிறவர் போல நிதானமாக மெல்லும். ஆள் நிமிர்ந்து நடக்கும்போது சட்டையில் பாதிதான் கூடவே போகும்.

ஆர்டிஸின் வேலைச் சட்டைகளில் ஒன்றுக்காவது பின்பக்கம் ஒழுங்காக இருந்ததில்லை. தொப்பி ஒன்று போயிற்று. சாவிக்கொத்தின் தோல்வார் போயிற்று. பல் மருத்துவரிடம் போக வேண்டிய நாளை எழுதி வைத்திருந்த சீட்டும் போயிற்று. அதற்காக மட்டும் திருடியிடம் அவளுக்கு ரகசியமாக ஒரு நன்றி உண்டு.

அந்த மானுக்கு இன்னொரு குணம். "இளவரசி, வாடா கண்ணா" என்று ரோலண்ட் தேனொழுகக் கூப்பிட்டால், திரும்பிப் பின்புறத்தைக் காட்டும். ஆர்டிஸ் சாவடியில் இருந்தபடியே, "ஏய் திருடி! நாறப்பயபுள்ள! எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று ஒரு சத்தம் போட்டால், பூங்காவின் எந்த மூலையிலிருந்தும் ஓடிவரும். வந்து அவள் இடுப்பில் தலையால் ஒரு முட்டு முட்டும். "ச்சீ, போ" என்பாள். பையிலிருந்து பிஸ்கட்டும் எடுப்பாள்.

ஆனால் இதையெல்லாம் பாசம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒரு தடவை சிகாகோ பக்கத்து அம்மாள் ஒருத்தி, "உங்களுக்கு இதுல எந்த மான் ரொம்பப் பிடிக்கும்?" என்று கொஞ்சலாகக் கேட்டாள்.

"வெங்காயத்தோட வதக்குனது" என்றாள் ஆர்டிஸ்.

அந்த அம்மாள் ரோலண்டிடம் புகார் செய்தாள். ரோலண்ட் ஆர்டிஸைக் கூப்பிட்டு, விருந்தாளிகளிடம் அப்படிப் பேசக்கூடாது என்றார். அவருடைய மேசையில் மான்கறி சாஸேஜ் வைத்த ரொட்டி பாதி கடித்தபடி இருந்தது. போன நவம்பரில் ஆர்டிஸே சுட்டு, அரைத்து, அவருக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தது.

அந்த வட்டாரத்தில் யாருக்கும் இதில் முரண் எதுவும் தெரியாது. கோடை முழுக்க மானுக்கு ஊட்டுவார்கள், நவம்பரில் சுடுவார்கள். ஊட்டுகிற மான் வேறு, சுடுகிற மான் வேறு. நடுவில் ஒரு வேலி இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஆர்டிஸ் பால்பண்ணையில் பிறந்தவள். பண்ணை விலைபோனதும் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்குப் போனாள். அதையும் மூடினார்கள். நடுவே கல்யாணம் ஒன்று செய்து பார்த்தாள். புருஷன் ஃப்ளோரிடாவுக்கு மீன்பிடிக்கப் போனவன், இன்னும் ஒன்றும் சிக்கவில்லை போலிருக்கிறது, திரும்பவே இல்லை. அவன் போனதில் அவளுக்கு இருந்த ஒரே வருத்தம், நல்ல தூண்டிலை எடுத்துக்கொண்டு போனதுதான். மான் பூங்காவுக்கு ஒரு கோடைக்கு மட்டும் என்று வந்தவள், தலைமுடி முழுக்க நரைத்த பிறகும் அங்கேயே இருந்தாள்.

மிச்சமிருந்த நெருங்கிய உறவு அண்ணன் வெர்னன் ஒருவன்தான். இரண்டு வயது மூத்தவன் என்பதால் அண்ணன், மற்றபடி வாடா போடாதான். வெர்னன் அதிகம் பேசமாட்டான். பேசினால் அதில் ஒரு முள் இருக்கும். அவளுக்கு அவன் வைத்திருந்த பட்டம் 'மான்களோட சர்வர்'.

"இன்னிக்கு எத்தனை மேசைடி? டிப்ஸ் ஏதாவது தேறுச்சா?"

"உன் சட்டைய நீயே துவைச்சுக்கற ஆளு, நீ பேசாதடா."

வெர்னனின் பெருமையெல்லாம் அவன் குறியில் இருந்தது. ஒரு குண்டு, ஒரு மான். இரண்டாவது குண்டு அவனுக்குத் தேவைப்பட்டதே இல்லை. பூங்காவுக்குப் பின்னால், ஓடையைத் தாண்டினால் வருகிற காட்டில் அவர்கள் அப்பா கட்டிய வேட்டைக் குடில் இருந்தது. அதன் சுவர்தான் வெர்னனின் சாட்சி. அந்தப் பக்கத்துக் குடில்களில் எல்லாம் ஒரு சட்டம் உண்டு: மானைப் பார்த்துச் சுட்டு, குறி தவறினால், அன்றைக்கே ஆளைத் திருப்பி நிறுத்திச் சட்டையின் பின்தொங்கலைக் கத்தரித்துச் சுவரில் ஆணி அடித்து விடுவார்கள். கீழே பேரும் வருஷமும். எத்தனை நல்ல சட்டையானாலும் கத்தரிதான். அவர்கள் சுவரில் சித்தப்பா மகன் டுவேனின் துணிகள் ஒரு போர்வை தைக்கும் அளவுக்கு இருந்தன. பக்கத்துப் பண்ணை லைலுக்கு ஒரு வரிசை. ஆர்டிஸுக்கு இரண்டு. செத்துப்போன அப்பாவுக்குக்கூட நீலக் கட்டம் போட்ட துணி ஒன்று. வெர்னனுக்கு ஒரு நூல்கூட இல்லை.

ஒவ்வொரு வருஷமும் டுவேன் கத்தரியைக் காற்றில் ஆட்டி, "இந்தத் தடவை மாட்டுவ பாரு" என்பான். வெர்னன் சுவரைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை யாராலும் தாங்க முடியாது.

நவம்பர் கடைசியில் வருகிற நன்றித் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை வேட்டைக்காலம் திறக்கும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்த மாநிலத்தில் ஒருத்தருக்கும் புத்தி ஒரு நிலையில் இருக்காது. பள்ளிக்கூட வாத்தியார் முதல் பல் மருத்துவர் வரை பாதி நாளில் கிளம்பி விடுவார்கள். ஆர்டிஸும் அப்படித்தான். குளிர்காலத்துக்காகப் பூங்கா மூடியிருந்தது. வைக்கோல் வண்டி தாமதமாக வந்தது. வண்டிக்காரனும் அவசரத்தில் இருந்தான், அவளும் அவசரத்தில் இருந்தாள். இருவரும் கட்டுகளை உருட்டித் தள்ளினார்கள். அவன் போனதும் பின்கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு, பியரும் பெட்டியும் துப்பாக்கியும் ஏற்றித் தயாராக நின்ற காரில் ஏறிக் கிளம்பிவிட்டாள். கேட்டைச் சாத்தினாள். கொண்டியைப் போடவில்லை.

சனிக்கிழமை விடியுமுன், குடிலில் முட்டையும் உருளைக்கிழங்கும் வதங்கிக்கொண்டிருந்தபோது ரோலண்டின் போன் வந்தது.

"ஆர்டிஸ், பின்கேட் திறந்து கெடக்கு."

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. "எத்தனை போச்சு?"

"மத்ததெல்லாம் வைக்கோலை விட்டு நகரல. இளவரசியைத்தான் காணோம். நேத்து கடைசியா யாரு..."

"நான்தான்" என்றாள்.

போனை வைத்தபோது வெர்னன், டுவேன், லைல் மூவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள். முதலில் டுவேன்தான் சிரித்தான், பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான். காட்டு மான் மனிதனின் வாடை அடித்தாலே ஓடிவிடும். திருடி மனிதனைத் தேடிக்கொண்டு வரும். பைக்குள் காகிதம் சரசரத்தால் போதும், நேராக மடிக்கே வரும். இன்றைக்கோ காட்டில் மரத்துக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு துப்பாக்கி, ஆள் தவறாமல் பையில் சாக்லேட்.

"காதுல மஞ்சள் வில்லை இருக்கு. பார்த்தா தெரியும். சுட்டுடாதீங்கடா" என்றாள்.

"அரையிருட்டுல வில்லையா தெரியும்?" என்றான் லைல்.

வெர்னன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தா உன் மான். இந்தப் பக்கம் வந்தா, மான்னா மான்தான்."

"வெர்னன்!"

"நீ சொன்னதுதான்டி. வெங்காயத்தோட வதக்குனதுதானே புடிக்கும்?"

அது அவளுடைய பேச்சுதான். தன் வாயால் சொன்னது, ஊரே சொல்லிச் சிரித்த வார்த்தை. தன் துப்பாக்கியைச் சுவரிலேயே விட்டாள். காரிலிருந்து பிஸ்கட் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

வேட்டை திறக்கிற காலையில், அடுத்தவன் உட்கார்ந்திருக்கிற பரண்களுக்கு நடுவே சத்தம் போட்டுக்கொண்டு நடப்பதைவிட அந்தக் காட்டில் பெரிய பாவம் இல்லை. கொலைக்குக்கூடக் காரணம் கேட்பார்கள், இதற்குக் கேட்கமாட்டார்கள். ஆர்டிஸ், மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடாமலிருக்க வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு, பிஸ்கட் காகிதத்தைச் சரசரவென்று கசக்கிக்கொண்டு, நடுக்காட்டில் நடந்தாள்.

"ஏய் திருடி! நன்றிகெட்ட கழுதை! எங்கடி தொலைஞ்ச? ரெண்டு வேளை வைக்கோல் போட்டது பத்தலையா உனக்கு?"

மேலேயிருந்து லைலின் குரல் வந்தது. "யாரும்மா அது? பைத்தியமா உனக்கு? வருஷம் பூரா இந்த ஒரு காலைக்காகக் காத்துக் கெடக்கேன்!"

"நான்தான் லைல். பார்த்தியா?"

"எதைப் பார்க்க? நீ போடுற சத்தத்துக்குக் கனடா வரைக்கும் ஒரு மான் நிக்காது!"

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தாள். இன்னும் உரக்கக் கத்தினாள். முன்பின் தெரியாத இரண்டு பேர் அவளை வைதார்கள். அதில் ஒரு வசவு புதிதாக இருந்தது, மனதில் குறித்துக்கொண்டாள்.

டுவேன் தரையில் ஒரு கட்டையில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். காலால் தட்டி எழுப்பினாள். பதறி எழுந்தவன் தன் மேலங்கிப் பையைத் தொட்டுப் பார்த்தான். பை ஈரமாக வெளியே இழுபட்டுக் கிடந்தது. சாக்லேட்டும் இல்லை, அதைச் சுற்றிய காகிதமும் இல்லை. பனி படிந்த இலைகளில் குளம்புத் தடம் அவன் காலருகே வந்து, ஓடைப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"அட, இங்க வந்துட்டுப் போயிருக்கா?" என்றான் டுவேன்.

"ஆமா. நீ நல்லாத் தூங்கு. நீ ஒருத்தன்தான்டா இந்தக் காட்டுல நல்லவன்."

ஓடைப்பக்கம் இருந்தது வெர்னனின் பரண். ஆர்டிஸ் ஓடத் தொடங்கினாள். அவள் முழங்கால்கள் ஓடுகிற முழங்கால்கள் அல்ல. பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வெடி. காடு முழுக்கப் பரவி அடங்கியது. நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். இரண்டாவது வெடி வரவில்லை. வெர்னனிடமிருந்து இரண்டாவது வெடி என்றைக்கும் வந்ததில்லை.

அங்கேயே விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ மான்களை அவளே வயிற்றைக் கிழித்துக் குடல் எடுத்திருக்கிறாள். முழங்கை வரை ரத்தத்தோடு நின்று பியர் குடித்திருக்கிறாள். இன்றைக்கு எழுந்து ஓடைவரை போய்ப் பார்க்க அவளால் முடியவில்லை. போனால் வெர்னன் கத்தியோடு குனிந்திருப்பான். அந்தக் கிழிந்த காது தெரியும். அவளுக்கு அழுகை வந்தது. சும்மா கண்ணீர் இல்லை, மூக்கு ஒழுக, தோள் குலுங்க, பிஸ்கட் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு கொண்டி. ஒரு இரும்புக் கொண்டியைத் தூக்கிப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அழுது முடித்ததும் குடிலுக்குத் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மத்தியானம் லைலும் டுவேனும் வந்தார்கள். இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. லைல் அவளைத் திட்டுவதற்காக வாயைத் திறந்து, முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். வெர்னன் கடைசியாக வந்தான். மேலங்கியைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருந்தான். கையில் ரத்தம் இல்லை. கயிறும் இல்லை. எதையும் இழுத்துக்கொண்டு வரவில்லை.

"வெடி கேட்டுச்சே" என்றான் டுவேன்.

"ம்."

"மான் எங்க?"

வெர்னன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான். அடுப்புப் பக்கம் பார்க்காமல், "குறி தவறிடுச்சு" என்றான்.

டுவேன் போட்ட கூச்சலில் கூரையிலிருந்து தூசி விழுந்தது. லைல் மேசைமேல் ஏறி நின்றான். "தவறிடுச்சா! வெர்னனுக்கா! எங்கடா அந்தக் கத்தரி? சாட்சிக்கு எங்கப்பனைக் கல்லறையிலேர்ந்து கூட்டிட்டு வாங்கடா!"

"சீக்கிரம் முடிங்க" என்றான் வெர்னன். ஆனால் மேலங்கியைக் கழற்றவில்லை. "சட்டையைத் தனியா கழட்டித் தர்றேன். அப்புறம் வெட்டிக்குங்க."

"அதெல்லாம் ஆகாது. ஆள் மேல இருக்கும்போதுதான் வெட்டணும். சட்டம்னா சட்டம்!"

இரண்டு பேருமாக அவனைப் பிடித்துத் திருப்பினார்கள். டுவேன் மேலங்கியைப் பின்னாலிருந்து தூக்கினான். கத்தரியை நீட்டினான். அப்படியே நின்றான்.

வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சட்டையின் பின்தொங்கல் முழுசாகப் போயிருந்தது. மிஞ்சிய ஓரம் ஈரமாக, நூல்நூலாக, வளைந்து வளைந்து மெல்லப்பட்டிருந்தது.

லைலுக்கும் டுவேனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆர்டிஸுக்கு விளங்கியது. அந்த ஓரத்தை அவள் எத்தனை சட்டையில் பார்த்திருக்கிறாள்!

"வெர்னன், எங்கடா அது?"

அவன் காது சிவந்துவிட்டது. "வண்டியில."

"எந்த வண்டியில?"

"என் வண்டியிலதான். முன்சீட்டுல. பின்னாடி ஏற மாட்டேங்குது, ராங்கி புடிச்ச சனியன்."

எல்லோரும் வெளியே ஓடினார்கள். காட்டுப்பாதை ஓரத்தில் வெர்னனின் பிக்கப் நின்றது. கண்ணாடி முழுக்க மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. உள்ளே முன்சீட்டில் திருடி கால்களை மடித்து உட்கார்ந்து, வேட்டை விதிமுறைப் புத்தகத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஸ்டியரிங்கின் தோலுறை ஏற்கனவே முடிந்திருந்தது.

ஆர்டிஸ் கதவைத் திறந்தாள். "ஏய் திருடி, கேடுகெட்டவளே, உன்னை..." என்று தொடங்கியவளுக்கு மேலே வசவு வரவில்லை. இன்று காலை புதிதாகக் கற்றதுகூட வரவில்லை. திருடி எட்டி அவள் இடுப்பில் ஒரு முட்டு முட்டியது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

மற்றவர்கள் குடிலுக்குள் போனபிறகு வெர்னன் மெதுவாகச் சொன்னான். "மூடுபனியிலேர்ந்து வந்துச்சு. தூக்கிக் குறி வெச்சுட்டேன். நேரா வந்து துப்பாக்கி முனையை நக்குது. நான் என்ன பண்ண?"

"அப்புறம் வெடிச்சது?"

"வானத்தைப் பார்த்துச் சுட்டேன், பயந்து ஓடட்டும்னு. உங்க பூங்காவுல சத்தத்துக்குப் பழகுன மூதி, இன்னும் கிட்ட வந்து பைக்குள்ள மூக்கை விடுது. என் சாப்பாட்டைப் புடுங்கிடுச்சு. ரொட்டியைத் தின்னுட்டு சாஸேஜைத் துப்பிடுச்சு. அதுல இருக்கறது யாருன்னு தெரிஞ்சிருக்கும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மான்னா மான்தான்னு சொன்னியேடா."

வெர்னன் மேலங்கியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "இதைச் சுட்டுட்டு, கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுல வந்து எப்படிடி சாப்பிடறது? எனக்குப் போறதுக்கு வேற எந்த வீடு இருக்கு?"

இப்படி ஒரு வாக்கியத்தை அவன் வாயிலிருந்து அவள் அதுவரை கேட்டதில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்கித் தானே தின்றுவிட்டான்.

திருடியைப் பூங்காவில் இறக்கி, கொண்டியைப் போட்டு, போட்டதைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பியபோது, குடிலில் பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. சட்டப்படி ஆணி அடிக்க வேண்டும், ஆனால் அடிக்கத் துணி இல்லை. மானைப் பார்த்து அவன் சுடவே இல்லையே, அது தவறினதில் சேராது என்றான் டுவேன். குறி தவறியதென்று அவனே வாயால் ஒப்புக்கொண்டான், வாபஸ் கிடையாது என்றான் லைல். ஆர்டிஸ் சுத்தியலை எடுத்து, அப்பாவின் நீலக் கட்டத்துக்குப் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்றை அறைந்தாள். கீழே 'வெர்னன்' என்று எழுதி, வருஷத்தையும் போட்டாள்.

அந்த ஆணி இன்றும் அங்கே இருக்கிறது. தொப்பியோ துண்டோ எதையும் யாரும் அதில் மாட்டுவதில்லை. குடிலுக்குப் புதிதாக வருகிற யாராவது, எல்லா ஆணியிலும் துணி இருக்க இது மட்டும் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று கேட்பார்கள். டுவேன் வாயைப் பொத்திக்கொள்வான். லைல் கூரையைப் பார்ப்பான். வெர்னன் மட்டும் அடுப்படியில் நிற்கிற தங்கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "குறி தவறிடுச்சு" என்பான்.